நான்காம் குழியின் தென்கோடி

ஆஷ்லோ தொல்லியல் வரலாற்றுச் சங்கத்தில் சேருவது சுலபம். சந்தாவைக் கட்டினால் ஒரு வாரத்தில் அட்டை வீடு தேடி வந்துவிடும். பொறுப்புக்கு வந்துவிட்டு வெளியே போவதுதான் நடக்காத காரியம். சங்கத்தின் பதினோராவது விதி அப்படி: பொறுப்பில் இருப்பவர், தன் இடத்துக்கு இன்னொருவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை அங்கேயே நீடிப்பார். 1889-இல் இதை எழுதிவைத்த மகானுபாவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தாலும் இப்போது போய்ச் சண்டை போட முடியாது.

டெஸ்மண்ட் பேக்ஹவுஸ் பத்தொன்பது வருஷமாகச் சங்கத்தின் ஆண்டிதழ் ஆசிரியர். நாலு முறை ராஜினாமா கொடுத்தார். நாலு முறையும் பொதுக்குழுவில், "இந்தப் பொறுப்பை ஏத்துக்க யாராவது முன்வர்றீங்களா?" என்று கேட்டார்கள். கூடியிருந்த நாற்பது பேரும் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். டெஸ்மண்டும் கொஞ்ச நேரம் தன் ஷூவைப் பார்த்துவிட்டு அடுத்த இதழ் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். அப்போதெல்லாம் அவருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஐந்தாவது முறைதான், 2019 ஜூலையில், தப்பித்தால் போதும் என்று ஓடப்பார்த்தார். அப்போதுதான் அந்த விதி கழுத்தைப் பிடித்தது.

ஜூலை கமிட்டி வழக்கம்போல் மெதடிஸ்ட் ஹாலின் பின்னறையில் கூடியது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஷீலா ராம்ஸ்டன் ஒரு பெரிய தாளை மேஜையில் விரித்தார். மண்ணுக்குள் லேசாக மின்சாரம் விட்டு, அடியில் கல் இருக்கிறதா ஈரம் இருக்கிறதா என்று சொல்லும் கருவி ஒன்று சங்கத்திடம் இருக்கிறது. வசந்த காலம் முழுக்க ஷீலா அதைத் தூக்கிக்கொண்டு பழைய கன்னியர் மடத்து வயலில் அடி அடியாக நடந்திருந்தார். தாளில் சாம்பல் நிறப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. நேராக, கிழக்கு மேற்காக, தெளிவாக இருந்தது.

"இது சுவர். சுவர் இல்லேன்னா என் பட்டத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்," என்றார் ஷீலா. "ஆனா ஒரு சிக்கல். இந்தக் கோடு சரியா நம்ம பழைய நான்காம் குழியோட தென்கோடி வழியாப் போகுது. அங்கே ஒண்ணுமே இல்லைன்னு 84-லேயே தோண்டிப் பார்த்து எழுதியிருக்கு."

"யார் எழுதினது?" என்று கேட்டார் தலைவர் மால்கம் ராக். கேட்டுவிட்டு அவரே டெஸ்மண்டைப் பார்த்துச் சிரித்தார். "அட, நம்ம டெஸ்."

டெஸ்மண்ட் கையிலிருந்த பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அது உடைந்து கோப்பைக்குள் போனது.

"கருவி சில சமயம் ஏமாத்தும், ஷீலா. பழைய வடிகால் குழாயா இருக்கும்," என்றார்.

"வடிகால் ஒரு மீட்டர் அகலத்துலயா இருக்கும்?"

"அப்போ ஒண்ணே ஒண்ணுதான் வழி," என்றார் மால்கம். "நான்காம் குழியைத் திறந்து பார்த்துடுவோம். செப்டம்பர்ல."

மால்கம் நாற்பது வருஷம் மாட்டு வைத்தியராக இருந்தவர். எதையும் கை விட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். டெஸ்மண்ட் தன்னால் முடிந்த முட்டுக்கட்டையெல்லாம் போட்டார். பண்ணைக்கார அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். அந்த அம்மா ஏற்கனவே சரி சொல்லிவிட்டதோடு, எல்லாருக்கும் பன்றி இறைச்சி அடைத்த அப்பம் சுட்டுத் தருவதாகவும் சொல்லியிருந்தாராம். வயல் ஓரக் குட்டையில் நீர்ப்பல்லி இருக்கும், சட்டப்படி அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார்.

"நீர்ப்பல்லியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றார் மால்கம். "குட்டைக்கும் குழிக்கும் இருநூறு மீட்டர். அது நடந்து வந்து வேடிக்கை பார்த்தா, அதுக்கும் ஒரு உறுப்பினர் அட்டை போட்டுக் குடுத்துடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசி ஆயுதமாக டெஸ்மண்ட் உடம்பு சரியில்லை, ஆசிரியர் பொறுப்பிலிருந்து உடனே விலகிக்கொள்கிறேன் என்றார். மால்கம் விதிப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பதினொன்று என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நடந்தது என்னவென்று நான் சொல்லிவிடுகிறேன். டெஸ்மண்ட் முப்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம்.

ஆஷ்லோவில் ஒரு காலத்தில் சின்னக் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி காலத்தில் அதை இடித்துவிட்டார்கள். அதன் கோயில் எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. வயலின் வடக்கே, பண்ணை வீட்டுக்கு அடியில் என்று அந்நாள் சங்கத் தலைவர் பாதிரியார் ப்ளைத் அடித்துச் சொல்லிவந்தார். 1984-இல் டாஃப்னி லோத்தர் என்று ஒரு பெண், இருபத்தேழு வயது, நூலகத்தில் வேலை பார்த்தவள், அதை மறுத்துக் கட்டுரை எழுதினாள். பழைய பிஷப் ஒருவரின் விசாரணைச் சுவடியில், ஒரு கன்னியர் கொடுத்த புகாரை அவள் கண்டுபிடித்திருந்தாள். தோட்டத்துப் பேரி மரங்கள் கோயிலின் வடக்கு ஜன்னலை மறைக்கின்றன, பிரார்த்தனைப் புத்தகத்தில் எழுத்தே தெரியவில்லை என்று அந்த அம்மாள் அழுதிருக்கிறாள். தோட்டம் வயலின் நடுவில் இருந்தது ஏற்கனவே தெரிந்ததுதான். அப்படியானால் கோயிலுக்கு வடக்கேதானே தோட்டம், தோட்டத்துக்குத் தெற்கேதானே கோயில் என்றாள் டாஃப்னி. பாதிரியார் ப்ளைத் பொதுக்குழுவில் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தார். சரி, தோண்டிப் பார்த்துவிடுவோம் என்று நான்காம் குழியை வெட்டினார்கள்.

வடக்குப் பாதியை மால்கம் பார்த்துக்கொண்டார். தெற்குப் பாதி டெஸ்மண்டின் பொறுப்பு. ஆகஸ்ட் விடுமுறை மூன்று நாள். செவ்வாய்க்கிழமை மாடுகளை வயலில் விடவேண்டும் என்று பண்ணைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். திங்கள் மத்தியானம் வரை எங்கே தோண்டினாலும் களிமண்தான். மற்ற இடத்தையெல்லாம் வரைந்து மூடியாகிவிட்டது. கடைசி நாலு மீட்டர்தான் பாக்கி, புல்லை மட்டும் செதுக்கி எடுத்திருந்தார்கள். அப்போது மழை வந்தது. சாதாரண மழையில்லை, குடையை மடக்கிப்போடுகிற மழை. எல்லாரும் ஓடிவிட்டார்கள். "நீங்க போங்க, நான் முடிச்சுட்டு வர்றேன்," என்று பெருமையாகச் சொன்னவர் டெஸ்மண்ட்தான். கால் மணி நேரம் மழையில் நின்றார். பிறகு தன் மினி காருக்குள் போய் உட்கார்ந்தார். முழங்காலில் பலகையை வைத்து, வடக்கே பார்த்த மண் அடுக்குகளை ஸ்கேல் வைத்துத் தென்கோடி வரை நீட்டி வரைந்தார். மேல்மண், பழுப்பு மண், மஞ்சள் களிமண். நம்பும்படி இருக்கட்டும் என்று அங்கங்கே சில கூழாங்கற்களையும் போட்டார். கீழே எழுதினார்: "மனிதக் கை படாத கன்னி மண் வரை தோண்டப்பட்டது. ஒன்றுமில்லை." மழை விட்டதும் புல்லைத் திருப்பி வைத்து மிதித்துவிட்டுப் போனார்.

பத்து நிமிஷ வேலை. அந்தப் படம் ஆண்டிதழில் முழுப் பக்கத்தில் வந்தது. பாதிரியார் ப்ளைத் அதைத் தூக்கிக் காட்டி, "மிஸ் லோத்தரின் கோயில் பறந்துபோய்விட்டது," என்றார். அந்த நகைச்சுவைக்கு ஆயுசு கெட்டி. பாதிரியார் போய்ச் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் யாராவது டாஃப்னியின் பறக்கும் கோயிலை இழுப்பார்கள். டாஃப்னியும் கூடச் சிரிப்பாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வரி எழுதவில்லை. மற்றவர்களின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்தாள், டீ போட்டாள்.

கட்டுரை அடிபட்ட அன்று மண்டபத்து வாசலில் நின்று அழுத டாஃப்னிக்குக் கைக்குட்டை கொடுத்தவர் டெஸ்மண்ட். மறு வருஷம் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. இந்த மனிதர் எப்படி இத்தனை வருஷம் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கினார் என்று எனக்கும் ஆச்சரியம்தான். தூங்கினார், நன்றாகவே தூங்கினார். ஒரு பொய்யை யாரும் தொடாமல் விட்டால் அது நாளடைவில் நடந்த விஷயம் மாதிரி ஆகிவிடுகிறது. சில சமயம் அந்தக் களிமண்ணைக் கண்ணால் பார்த்ததாகவே அவருக்கு ஞாபகம் இருந்தது.

கமிட்டி முடிந்து வீட்டுக்குப் போனபோது செய்தி அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. ஷீலா போன் பண்ணியிருந்தார். டாஃப்னி மாடி அலமாரியிலிருந்து ஒரு பச்சை ஃபைலை இறக்கிச் சமையலறை மேஜையில் வைத்திருந்தாள்.

"இன்னும் வச்சிருக்கியா இதை?" என்றார் டெஸ்மண்ட்.

"தூக்கிப் போட மனசு வரலை. அசட்டுத்தனம்தான்." அவள் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே பேசினாள். "ஷீலா சுவர்ங்கறா. நான் நம்பலை. நீ தோண்டிப் பார்த்ததுக்கு மேல என்ன இருக்கு? ஆனா அந்தக் களிமண்ணை ஒரு தடவை என் கண்ணால பார்க்கணும், டெஸ். கடைசி நாள் என்னால வர முடியலை, குழியை மூடறப்போ நான் இல்லை. பார்த்துட்டேன்னா இந்த ஃபைலை நிம்மதியா எரிச்சுடுவேன்."

"டாஃப்னி..."

"என்ன?"

கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகத்தின் சாயலே இல்லை. அது கொஞ்சமாவது இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

"உருளைக்கிழங்கு போதும்," என்றார்.

அந்த எட்டு வாரமும் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் எழுந்ததும் சொல்லிவிடுவோம் என்பார். காபி குடித்த பிறகு என்பார். ஞாயிற்றுக்கிழமை என்பார். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: குழியை மூடுமுன் அடியில் அந்த வருஷத்துக் காசு ஒன்றைப் போட்டுவைப்பார்கள். பின்னால் தோண்டுகிறவர்களுக்கு, இது வரைக்கும் நாங்கள் வந்தோம் என்று தெரிவதற்காக. தென்கோடியில் ஒரு பென்னி போட்டதாக டெஸ்மண்ட் அன்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார். மால்கம் அதைக் கண்டுபிடித்துவிட்டு எல்லாருக்கும் சொல்லிக் குதூகலித்தார். டெஸ்மண்ட் பழைய சில்லறை டப்பாக்களைக் குடைந்து, 1984 போட்ட பென்னி ஒன்றைத் தேடி எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பிறகுதான் உறைத்தது. தோண்டி மூடிய மண் கலங்கலாக, பொலபொலவென்று இருக்கும். யாரும் கை வைக்காத மண் அடுக்கடுக்காக இறுகியிருக்கும். இறுகிய மண்ணுக்கு அடியில் காசைக் கொண்டுபோய் எப்படி வைப்பது? வாய்க்காலில் வீசிவிட்டு வந்தார்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை வயலில் பதினான்கு பேர் கூடினார்கள். தென்கோடியைத் தானே திறக்கிறேன் என்று டெஸ்மண்ட் மண் சுரண்டும் சின்னக் கரணையோடு போய் நின்றார். மால்கம் அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"தன் குழியைத் தானே திறக்கக் கூடாது. உனக்குத் தெரியாத வழக்கமா? தேடறவன் தனக்கு வேண்டியதைத்தான் கண்டுபிடிப்பான். நீ ராஜா மாதிரி அந்த நாற்காலியில உட்காரு. எது வந்தாலும் தட்டுல போட்டுச் சீட்டு எழுது."

"அப்போ தென்கோடி யாருக்கு?" என்றார் ஷீலா.

"எனக்குக் குடுங்க," என்றாள் டாஃப்னி.

யாரோ பின்னாலிருந்து, "கோயில் பறந்துடப் போகுது, கயிறு கட்டிக்க," என்றார். டாஃப்னி சிரித்துக்கொண்டே முழங்கால் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாள்.

டெஸ்மண்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் வழியில்லை, பக்கத்தில் போகவும் வழியில்லை. பத்தரை மணிக்கு வடக்குப் பக்கம் கலங்கல் மண் வந்தது. பழைய சிப்ஸ் பாக்கெட் ஒன்று வந்தது. அடியில் மால்கம் போட்ட பென்னி, பச்சை பூத்து, அவர் எழுதிய இடத்திலேயே கிடைத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். டெஸ்மண்ட் சீட்டில் எழுதினார். தேதியைத் தப்பாகப் போட்டு அடித்துத் திருத்தினார்.

தெற்கே டாஃப்னி பேசாமல் சுரண்டிக்கொண்டிருந்தாள். புல்லுக்குக் கீழே மண் இறுகிக் கிடந்தது. அவள் கரணை எழுப்பிய சத்தமே வேறாக இருந்தது. டெஸ்மண்டுக்கு அங்கிருந்தே கேட்டது. ஒரு முறை அவள் நிறுத்தி, குழியின் பக்கவாட்டு மண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தென்மேற்கு மூலையில் எதையோ குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முழங்கால் மெத்தையை எடுத்து அந்த மூலையில் போட்டு மூடிவிட்டு, வெறும் மண்ணில் மண்டியிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று டெஸ்மண்டுக்குத் தெரியும். 84-இல் குழியின் எல்லையைக் குறிக்க நாலு மூலையிலும் இரும்பு முளை அடித்தார்கள். தென்மேற்கு முளையை அடித்தவர் அவர். புல்லைத் திருப்பி வைத்த அவசரத்தில் அதைப் பிடுங்காமல் விட்டுவிட்டார். முளை அங்கே இருக்கிறதென்றால் குழி இங்கேதான். மண் இறுகியிருக்கிறதென்றால் இங்கே யாரும் தோண்டவில்லை. இதைப் புரிந்துகொள்ள டாஃப்னிக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் திரும்பி நாற்காலிப் பக்கம் பார்ப்பாள் என்று காத்திருந்தார். அவள் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் அவள் கரணை கல்லில் பட்டது. முழங்கால் ஆழம்கூட இல்லை. அரை மணி நேரத்தில் செதுக்கிய வெள்ளைக் கற்கள் வரிசையாகத் தெரிந்தன. இடையில் சுண்ணாம்பு, ஒரு மீட்டர் அகலம், கிழக்கு மேற்காக. ஒரு கல்லில் ஜன்னல் கம்பி பொருத்துகிற பள்ளம்கூட இருந்தது. ஷீலா தன் தாளை வைத்து ஒத்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மால்கம் குழிக்குள் இறங்கி டாஃப்னியைக் கட்டிப்பிடித்தார். மண்கையோடு எல்லாரும் அவள் முதுகில் தட்டினார்கள். அந்தக் கன்னியர் புகார் சொன்ன ஜன்னல் இதுவாகக்கூட இருக்கலாம் என்று ஷீலா சொன்னார். டாஃப்னி தலையை ஆட்டினாள். அவள் சிரித்த மாதிரியும் இல்லை, அழுத மாதிரியும் இல்லை.

கூடாரத்தில் டீ ஊற்றி இறைச்சி அப்பங்களை வெட்டினார்கள். டெஸ்மண்ட் ஒருவர்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். மால்கம் அவர் தோளில் கை போட்டார்.

"முகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டிருக்கே? யாருக்கும் நடக்கறதுதான். ஷீலா, குறிப்பேட்டுல எழுது. பழைய நான்காம் குழி வரைபடத்துல அளவுப் பிழை. குழியோட தென்கோடி உண்மையில சில மீட்டர் வடக்கேயே முடிஞ்சிருக்கு. அதனால சுவரைத் தவற விட்டாங்க. முடிஞ்சுது."

"மூலை முளை எதுவும் கிடைச்சுதா, டாஃப்னி?" என்று கேட்டார் ஷீலா. "கிடைச்சா எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு சரியாச் சொல்லிடலாம்."

டாஃப்னி தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி நின்றாள். உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் வாய் திறக்காமல் நிற்பது தன்னைக் காப்பாற்றத்தான் என்று டெஸ்மண்டுக்குப் புரிந்தது. ஒரு தலையசைப்பு போதும். எல்லாக் கதவையும் அவருக்காகத் திறந்துவைத்திருந்தார்கள். ஆமாம், அளவுப் பிழைதான் என்று முனகினார்.

"டேப் சரியாப் பிடிக்கலைன்னா அப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே மால்கம் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். சட்டென்று சிரித்தார். "அடடே, கேளுங்க. 84-ல மூலை அளந்தப்போ டேப் பிடிச்சது யாரு தெரியுமா? டாஃப்னி! தன் கோயிலைத் தானே தொலைச்சிருக்கா. எழுது ஷீலா, அளவு எடுத்தவர் மிஸ் டி. லோத்தர்."

கூடாரம் முழுக்கச் சிரிப்பு. கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான், முப்பத்தைந்து வருஷமாகப் பழகிய அதே சிரிப்பு. ஷீலாவும் சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். டாஃப்னி இந்த முறை கூடச் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் முதல் தடவையாகத் திரும்பி டெஸ்மண்டைப் பார்த்தாள்.

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அதை அடிச்சுடுங்க, ஷீலா. அளவு சரிதான். டாஃப்னி பிடிச்ச டேப் சரிதான். அந்த மூலையில முளை இருக்கு, மெத்தையை எடுத்துப் பாருங்க. நான் தோண்டலை."

"என்னது?" என்றார் மால்கம்.

"கடைசி நாலு மீட்டர் நான் தோண்டவே இல்லை. மழை பெஞ்சுது. காருக்குள்ள உட்கார்ந்து வரைஞ்சேன். கூழாங்கல்லெல்லாம் நானாப் போட்டது. காசும் போடலை."

யாரோ அப்பத்தைக் கடித்த வாயை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். மால்கமின் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. சங்கத்தின் பெயர், ஆண்டிதழின் பெயர், அதைப் பார்த்து எழுதிய புத்தகங்கள் எல்லாம் அவர் கண்முன்னால் போயிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டெஸ், உனக்கு உடம்பு சரியில்லை. காலையிலேருந்தே பார்க்கறேன். இதை நாங்க யாரும் கேக்கலை. ஷீலா, நீ எழுதினது எழுதினபடி இருக்கட்டும்."

"அடிச்சுட்டு எழுது, ஷீலா," என்றாள் டாஃப்னி. "அவர் சொன்னபடியே எழுது. முளையை நான்தான் மூடி வச்சேன். அதையும் சேர்த்து எழுது."

ஷீலா மால்கமைப் பார்த்தார், டாஃப்னியைப் பார்த்தார். பிறகு கோடு போட்டு அடித்துவிட்டு எழுதினார். ஒவ்வொருவராகக் கோப்பையை வைத்துவிட்டுக் குழியைப் பார்க்கப் போகிற சாக்கில் வெளியே போனார்கள். மால்கமும் போனார். கூடாரத்துக்குள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

டெஸ்மண்டுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எட்டு வாரமாக மனதுக்குள் எழுதி எழுதி அடித்தது எல்லாம் இருந்தது.

"மழையா?" என்று கேட்டாள் டாஃப்னி.

"ஆமா."

"அவ்வளவுதானா? ப்ளைத் எதுவும் சொல்லி வச்சாரா? என் மேல ஏதாவது கோபமா?"

"இல்லை. சத்தியமா இல்லை. மழை மட்டும்தான்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். ஏதாவது பெரிய காரணம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் போல.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்னா, அடுத்த நாள் லீவு போட்டுட்டு நானே வந்து தோண்டியிருப்பேனே, டெஸ். மாட்டோட மாடா நின்னு தோண்டியிருப்பேன்."

"தெரியும்."

"தெரியுமா உனக்கு?" அவள் கைகளில் காய்ந்திருந்த மண்ணை ஒன்றோடொன்று தேய்த்து உதிர்த்தாள். அவள் குரல் உயரவில்லை. "அழுதப்போ கைக்குட்டை குடுத்தே. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இந்த ஊர்ல என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள்னு நினைச்சேன். அதுக்காகத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன். வேற எதையெல்லாம் தோண்டாம வரைஞ்சு வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லை, டாஃப்னி."

"அன்னைக்கும் அதையேதான் எழுதியிருந்தே."

கரணையை எடுத்துக்கொண்டு அவள் குழிக்குப் போனாள். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் தோண்டப் போகிறாள் என்று தெரிந்தது. மற்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். யாரும் இந்த முறை பறக்கும் கோயிலை இழுக்கவில்லை. டெஸ்மண்ட் விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அதில் உட்கார்ந்தார். கிளம்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இரண்டு பேரும் ஒரே காரில்தான் வந்திருந்தார்கள்.